பருப்புத் தண்ணீரில் பருப்பு எங்கே?

என் மகளின் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோதுதான் தெரிந்தது, இரண்டு மாதங்களாக அவள் எடை ஏறவே இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் அரிசிக் கஞ்சி, பதினோரு மணிக்குக் கேரட் வேகவைத்த தண்ணீர், மதியம் பருப்புத் தண்ணீர், மாலையில் ஆப்பிள் சாறு என்று ஒரு கால அட்டவணையே போட்டு வைத்திருந்தோம். அவளும் அடம் பிடிக்காமல் குடித்தாள். எடையைப் பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர் அட்டையில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு நான் சொன்ன பட்டியலைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் எதையாவது கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்குமா அம்மா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நிற்காது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஊட்டச்சத்துக்காரர்கள் அதை 'ஆற்றல் அடர்த்தி' என்கிறார்கள். பெயர்தான் கனமானது, விஷயம் எளிது. ஒரு டம்ளர் உணவில் எத்தனை கலோரி அடங்கியிருக்கிறது என்பதுதான் அது. ஒரு டம்ளர் நீர்மோரும் ஒரு டம்ளர் நிறைய நெய்ப்பொங்கலும் இடத்தை ஒரே அளவில்தான் அடைக்கின்றன. உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு. பெரியவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. கஞ்சி போதவில்லை என்றால் இன்னும் இரண்டு டம்ளர் குடித்துவிடுவோம். குழந்தையால் அது முடியாது, ஏனென்றால் அதன் வயிறு மிகச் சிறியது.

எவ்வளவு சிறியது? ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்குப் போடுவார்கள். எட்டுக் கிலோ குழந்தை என்றால் 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர். அதுவும் முட்ட முட்ட நிரப்பினால். அந்த ஒரு டம்ளர் இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் குழந்தையின் இரண்டாம் ஆறு மாதம் அடங்கியிருக்கிறது.

இனி தேவையைப் பார்ப்போம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே வேறு உணவையும் சேர்க்க வேண்டும். இதை 'இணை உணவு' என்கிறோம். பால் நிற்பதில்லை, அதனுடன் இணைந்து இன்னொன்று வருகிறது என்பதால் அந்தப் பெயர். ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். வழக்கமான அளவில் பால் குடிக்கும் குழந்தைக்கு அதில் 400 கலோரி தாய்ப்பாலிலிருந்தே வந்துவிடும். மீதி 200 கலோரியைத்தான் கிண்ணத்திலிருந்து தர வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதம்வரை இது 300 ஆகிறது. ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுவரை 550.

200 கலோரி என்பது சின்னத் தொகைதான் என்று தோன்றும். எங்கள் வீட்டுக் கஞ்சியை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். 100 மில்லி நீர்த்த கஞ்சியில் இருக்கும் அரிசி ஏறக்குறைய 5 கிராம். ஒரு கிராம் அரிசிக்கு மூன்றரை கலோரி. ஆக, 100 மில்லிக்குப் பதினேழு பதினெட்டு கலோரி. அந்தக் கஞ்சியில் 200 கலோரி சேர வேண்டுமானால் என் மகள் ஒரு லிட்டருக்கு மேல் குடித்திருக்க வேண்டும். பருப்புத் தண்ணீர் இன்னும் மோசம். வெந்த பருப்பைக் கீழே விட்டுவிட்டு மேலே தெளிந்ததை இறுத்துக் கொடுக்கிறோம். அதில் பருப்பின் நிறமும் வாசனையும் இருக்கின்றன. பருப்பு பாத்திரத்தின் அடியிலேயே இருக்கிறது, அது சாம்பாருக்குப் போய்விடும்.

இதைவிட ஒரு நஷ்டம் உண்டு. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரிவரை இருக்கிறது. வயிறு நிறைய பதினேழு கலோரிக் கஞ்சியைக் குடித்த குழந்தை, அடுத்த வேளை பாலைக் குறைத்துக் குடிக்கும். அதாவது, உயர்ந்த சரக்கு இருந்த இடத்தில் தண்ணீரை வைத்து நிரப்பியிருக்கிறோம். உணவு கொடுக்கத் தொடங்கிய பிறகு எடை ஏறாமல் நிற்கும் குழந்தைகளில் பலரின் கதை இதுதான். தாய்ப்பாலைவிட நீர்த்த எந்த உணவும் குழந்தைக்கு லாபமில்லை. சூப், பழச்சாறு, காய் வேகவைத்த நீர், பருப்புத் தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். பழச்சாறு ஒரு வயதுவரை தேவையே இல்லை, பழத்தை மசித்தே கொடுக்கலாம்.

நீர்க்கக் கொடுக்கும் வழக்கம் அக்கறையில்தான் பிறக்கிறது. "கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது" என்று அம்மா சொன்னார், அத்தையும் சொன்னார், பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொன்னார். மூன்று தலைமுறையும் ஒத்துப்போவது எங்கள் தெருவில் அபூர்வம் என்பதால் நானும் நம்பிவிட்டேன். ஆறு மாதம் முடிந்த குழந்தையின் குடல், நன்றாக வெந்த மாவுப்பொருளைச் செரிக்கத் தயாராகவே இருக்கிறது. பல் முளைக்கவில்லையே என்றால், ஈறே மசித்துவிடும். நெய்யைக் கண்டுதான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. பிறந்த நாளிலிருந்து கொழுப்பைச் செரித்து வளர்ந்த குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி நெய் புதிய சுமை ஆகாது.

அந்த ஒரு தேக்கரண்டி செய்யும் வேலையைப் பாருங்கள். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தரும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ ஏறக்குறைய 40 கலோரி. கிண்ணத்தின் அளவு கூடவே இல்லை, ஆனால் உள்ளே 40 கலோரி ஏறிவிட்டது. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்த பொங்கல் 100 கிராமில் சுமார் 100 கலோரி. அதில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் 140. இப்படி இரண்டு சிறு கிண்ணம் உள்ளே போனாலே ஏழு மாதக் குழந்தையின் நாள் கணக்கு முடிந்து மிச்சமும் இருக்கும். லிட்டர் கணக்கில் கஞ்சி காய்ச்சியவளுக்கு இது புரிந்த அன்று கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

சரி, கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினால் போயிற்றே என்று தோன்றலாம். அங்கே ஒரு அறிவியல் முடிச்சு விழுகிறது. மாவைத் தண்ணீரில் காய்ச்சும்போது அதன் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பும். கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலே களி மாதிரி இறுகிவிடும். குழந்தையால் விழுங்க முடியாது. உடனே தாய் தண்ணீர் சேர்க்கிறாள். விழுங்க எளிதாகிறது, கலோரி கரைந்துபோகிறது. விழுங்க வேண்டும் என்றால் சத்துக் குறையும், சத்து வேண்டும் என்றால் தொண்டையில் இறங்காது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் பொருள் நம் அடுக்களையிலேயே இருந்தது. தானியம் முளைவிடும்போது அமைலேஸ் என்ற நொதி அதில் பெருகுகிறது. முளைக்கும் செடி தனக்குத் தேவையான உணவுக்காக மாவுப்பொருளின் நீண்ட சங்கிலிகளை வெட்டிக்கொள்ளும் கத்தரி அது. முளைகட்டிய கேழ்வரகை வெயிலில் உலர்த்தி அரைத்து, அந்த மாவில் ஒரு தேக்கரண்டியைக் கெட்டிக் கஞ்சியில் போட்டுக் கிளறினால் சில நிமிடங்களில் கஞ்சி இளகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை, கலோரி அப்படியே இருக்கிறது, கரண்டியிலிருந்து எளிதாக இறங்குகிறது. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார்கள்.

செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது முளைமாவைப் போட்டால் நொதி செத்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிக் கொதி அடங்கிய பிறகு, சூடாக இருக்கும்போதே போட வேண்டும். இளகியதும் மறுபடியும் ஒரு கொதி விடுவது நல்லது, உலர்த்தும்போது மாவில் கிருமி சேர்ந்திருக்கக்கூடும். இரண்டாவது, வாசம் வரட்டும் என்று முளைகட்டிய தானியத்தைச் சிவக்க வறுத்தால் கத்தரி மழுங்கிவிடும். வாசம் இருக்கும், கஞ்சி இளகாது.

கடைகளில் இருபத்தைந்து தானியம் சேர்த்த சத்துமாவு என்று பொட்டலம் விற்கிறார்கள். என் சந்தேகம் எளிமையானது. இருபத்தைந்தையும் சேர்த்து ஒரு கரண்டி மாவாக்கி அரை லிட்டர் நீரில் கரைத்தால், அது இருபத்தைந்து தானியம் கலந்த தண்ணீர்தானே? பெயர்களைப் பெருக்குவதைவிட அளவைப் பார்ப்பது முக்கியம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் அப்படித்தான். கெட்டியாகக் கிளறிக் கொடுத்தால் நல்ல உணவு, நீர்க்கக் கரைத்தால் வீண்.

இங்கே ஒரு கிளைக்கதை. கலோரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறாயே, புரதம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டது. 1960களில் ஏழை நாட்டுக் குழந்தைகளின் மெலிவுக்குப் புரதக் குறைபாடே காரணம் என்று ஐக்கிய நாடுகள் சபைவரை பேசினார்கள். புரத மாவு, புரத பிஸ்கட் என்று முயற்சிகள் நடந்தன. அதை மறுத்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் 1918இல் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயை ஆராயத் தொடங்கிய ஒரு சிறு பிரிவு வளர்ந்து ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதன் இயக்குநராக இருந்தவர் அவர். நம் குழந்தைகள் உண்ணும் தானியமும் பருப்பும் போதிய அளவு உள்ளே போனால் புரதமும் பெரும்பாலும் போதிய அளவு கிடைத்துவிடும், உண்மையான பள்ளம் கலோரியில்தான் என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். கலோரி போதாத உடல், கிடைக்கும் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். சந்தன மரத்தை அடுப்பில் வைப்பது போல. இன்றைக்கும் புரத டப்பா விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குன்னூர் ஞாபகம் வருகிறது.

அதற்காகக் கலோரி மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். இரும்புச்சத்தின் கதை தனி.

தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. இது பாலின் குறையன்று. குழந்தை தனக்கான இரும்பைக் கருவிலேயே, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், தாயிடமிருந்து வாங்கிச் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு வரும். கர்ப்பிணிக்கு 180 நாள் இரும்பு மாத்திரை கொடுப்பதில் அவருடைய நலத்தோடு இந்தச் சேமிப்பின் நலமும் இருக்கிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம்வரை பொறுத்து வெட்டச் சொல்வதும் இதற்காகத்தான். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் குழந்தைக்குள் இறங்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் சேமிப்பு பாதியிலேயே நின்றுவிடுவதால் அதற்கு மருத்துவர் இரும்புச் சொட்டு மருந்தை முன்கூட்டியே தொடங்குவார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்பு உணவிலிருந்து வர வேண்டும், வேறு வழியில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4. சோற்றுக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிறிப்போயிருக்கிறார்கள். அசைவம் உண்ணும் வீடு என்றால் ஈரலோ இறைச்சியோ நன்றாக வேகவைத்து மசித்து ஆறு மாதம் முடிந்ததிலிருந்தே கொடுக்கலாம். அதிலுள்ள இரும்பு கீரையில் இருப்பதைவிடப் பல மடங்கு எளிதாக உடலில் ஏறும். மீனும் முட்டையும் கொடுக்கலாம். சைவ வீட்டில் பருப்பும் முருங்கைக்கீரையும் உண்டு, ஆனால் அவற்றின் மேல் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். வைட்டமின் சி கூட இருந்தால்தான் தாவர இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். தேநீர் இதற்கு நேர் எதிரி. பாட்டி தன் டம்ளரில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டும் காட்சி அழகானதுதான், இருந்தாலும் தடுத்துவிடுங்கள். அரசு தரும் இரும்புச் சத்து டானிக் வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு மில்லி. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பசும்பாலும் இந்தக் கணக்கில் வருகிறது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுத்தால், அதில் இரும்பு மிகக் குறைவாக இருப்பது ஒருபுறம், சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் ஏற்படும். சமையலில் கொஞ்சம் பாலோ தயிரோ சேர்வதில் தவறில்லை. தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் பச்சிளம் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். உப்பும் சர்க்கரையும் முதல் வருடம் தேவையில்லை. நம் நாக்குக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குச் சப்பென்று இருக்காது, அதற்கு ஒப்பிட வேறு எதுவும் தெரியாது.

எத்தனை வேளை என்றால், ஆறு முதல் எட்டு மாதம்வரை இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, இடையில் ஒரு சிறுதீனி. முதல் நாளே கிண்ணத்தைக் காலி செய்ய எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, சில வாரங்களில் அரைக் கிண்ணத்துக்கு வந்தால் போதும்.

மிக்ஸியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் வழவழப்பாக மசித்த உணவு சரி. எட்டாம் மாதத்தில் கையால் பிசைந்து சிறு கட்டிகள் இருக்கும்படி கொடுக்க வேண்டும், விரலால் எடுத்துத் தின்ன வெந்த கேரட் துண்டோ இட்லித் துண்டோ வைக்க வேண்டும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடே, காரம் குறைத்து. பத்து மாதம் தாண்டியும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தால் குழந்தைக்கு மெல்லும் பழக்கம் வருவது தள்ளிப்போகும். மூன்று வயதில் சோற்றுப் பருக்கையைத் துப்பும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே சமயம் முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைக்கும். வேர்க்கடலையைப் பொடித்துச் சோற்றில் கலக்கலாம், அடர்த்திக்கு அதைவிட மலிவான நண்பன் இல்லை.

எடை அட்டையை வாசிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் உலக வங்கி உதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். குழந்தை எத்தனை கிலோ என்பதோடு நிற்காமல், போன மாதத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்த்தார்கள். ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள், லட்டாகப் பிடித்து. அட்டையில் பச்சைப் பகுதி சரியான எடை, மஞ்சள் குறைந்த எடை. பச்சைப் பகுதிக்குள் இருக்கும் குழந்தையின் கோடு படுத்துவிட்டால் அது எச்சரிக்கை மணி. மஞ்சளில் இருந்தாலும் கோடு மேல்நோக்கிப் போனால் நல்ல சேதி. என் மகள் பச்சையில்தான் இருந்தாள், அதனால்தான் நாங்கள் கவனிக்கவே இல்லை.

தாயின் தட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கர்ப்ப காலத்தில் வேண்டிய 350ஐவிட இது அதிகம். நம் வீடுகளில் தலைகீழ். வயிற்றுப்பிள்ளைக்காரியை விழுந்து விழுந்து கவனிப்பார்கள், பிள்ளை பிறந்ததும் பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் கருவாடும் தவிர எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். பூண்டுக் குழம்பின் மேல் எனக்குக் கோபமில்லை. பழமும் காயும் தண்ணீரும் ஏன் விலக்கப்பட்டன என்றுதான் இன்னும் புரியவில்லை. தாய் அரைவயிறு உண்டாலும் பாலின் கலோரி பெரிதாகக் குறைவதில்லை, அவள் உடலைக் கரைத்தாவது சுரக்கும். ஆனால் பி12, வைட்டமின் ஏ, அயோடின் போன்றவை தாய் உண்பதைப் பொறுத்தே பாலில் வருகின்றன.

கடைசியாக, காய்ச்சல், பேதி வரும் நாட்கள். "வயிற்றைக் காயப்போடு" என்பது குழந்தைக்குப் பொருந்தாது. பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும், கூடவே தாய்ப்பாலும் வழக்கமான உணவும் சிறிது சிறிதாக, அடிக்கடி. குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாக. கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ கிண்ணத்தை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து மதியச் சோற்றோடு பாத்திரத்தின் அடியிலிருந்த பருப்பைச் சேர்த்துப் பிசைந்தேன். நெய் விட்டேன். அம்மா கரண்டியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். ஒழுகவில்லை. "தொண்டையில் அடைத்துக்கொள்ளாதா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வாய் ஊட்டினார். மகள் பாதியைத் துப்பினாள், மீதியை விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.